பாரம் சுமந்த விமானங்களும் ஊரார் சமைத்த தரையும்

யுத்த விமானம் என்றவுடன் குண்டு வீச்சே நம் நினைவிற்கு வருகிறது. தானியமும் மருந்தும் ஆட்களும் சுமந்த படையொன்றின் சரித்திரம் நமது சங்க அங்கத்தினர்களில் பலர் அறியாதது.

ராயல் இந்திய ஆகாயப் படையின் 12-ஆம் ஸ்குவாட்ரன் 1945 டிசம்பரில் கோஹாட்டில் ஸ்பிட்பயர் என்னும் சண்டை விமானங்களுடன் தொடங்கப்பெற்றது. மறு ஆண்டே டக்கோட்டாக்களைப் பெற்றுப் பாரம் சுமக்கும் படையாயிற்று. டக்கோட்டா ஒன்று சுமார் 6,000 இராத்தல் ஏற்றும். 1947 அக்டோபர் 27 அன்று டில்லியினின்று சீக்கியப் பட்டாளத்தை ஸ்ரீநகரில் இறக்கியது இப்படையே. சிவில் கம்பெனிகளின் விமானங்களும் உதவின.

விமானம் இறங்கத் தரை வேண்டுமல்லவா? முற்றுகையிலிருந்த பூஞ்ச் நகரில் அது இல்லை. பெண்ணையாறு பெருகி வண்டிப்பாதை நான்கு நாள் அடைபட்டாலே திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் கிராமங்கள் படும் பாட்டை நாம் அறிவோம்; பூஞ்ச் அடைபட்டிருந்ததோ ஏறத்தாழ ஓராண்டு. அங்கே சிப்பாய்களுடன் ஊராரும் அகதிகளும் மண்வெட்டி எடுத்தனர். மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரவி ஓடுதளம் ஒன்று அமைத்தனர். அதன் மூன்று புறமும் ஓடைகள். 1947 டிசம்பரில் மெஹர் சிங் என்னும் விமானத் தளபதி அதில் இறங்கி வழி திறந்தார். உணவும் பீரங்கிகளும் உள்ளே வந்தன. காயமுற்றோரும் அகதிகளும் அதே விமானங்களில் வெளியேறினர். இரவில் எண்ணெய் விளக்குகளே வழி காட்டின.

11,000 அடிக்கு மேலுள்ள லே நகரிலும் இவ்வாறே. சோனம் நோர்பு என்னும் லடாக்கிய என்ஜினீயர் ஊராரைக் கொண்டு தளம் சமைத்தார். 1948 மே 24 அன்று, ஜெனரல் திம்மய்யாவை ஏற்றிக்கொண்டு மெஹர் சிங்கே முதலில் அங்கு இறங்கினார்.