எந்த ஊர் எண்ணெய் இது?

அரிசி வாங்கினால், கத்தரிக்காய் வாங்கினால், "எங்கே விளைந்தது, என்ன போட்டு விளைவிச்சாங்க?" என்று கேட்கிற ஆட்கள் நாம். ஆனால் டிராக்டருக்கு டீசல் வாங்கக் கேனோடு பங்க்குக்குப் போனால் விலையை மட்டும்தான் பார்க்கிறோம். ஒருமுறை டீசலையும் அப்படிக் கேட்டுப் பார்ப்போமே.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. எந்த நாட்டு எண்ணெயானாலும் இது பெரிதாக மாறாது. ஆனால் அந்த எண்ணெய் பூமியிலிருந்து வெளியே வருவதற்குள் உண்டாகும் புகை இருக்கிறதே, அதில்தான் நாட்டுக்கு நாடு பெரிய வித்தியாசம்.

நம்ம கிணற்றை வைத்தே பார்க்கலாம். ஒருவர் கிணற்றில் பதினைந்து அடியில் தண்ணீர் கிடக்கிறது. இன்னொருவர் ஆயிரம் அடி போர் போட்டு இறைக்கிறார். வருவது தண்ணீர்தான்; மோட்டார் இழுக்கிற கரண்ட் ஒன்றா? கச்சா எண்ணெயும் அப்படித்தான்.

சவூதி அரேபியாவின் கவார், 1951 முதல் எண்ணெய் தரும் மிகப் பெரிய வயல். அங்கே எண்ணெய் தாராளமாக ஊறி வருகிறது. எடுக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை.

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் கதையே வேறு. அங்கே எண்ணெய் தார் மாதிரி மணலோடு ஒட்டிக் கிடக்கிறது, தானாக ஓடாது. மேலாக இருக்கிற இடங்களில் காட்டை அழித்து, மண்ணைத் தோண்டி, வெந்நீரில் அலசிப் பிரிக்கிறார்கள். ஒரு பீப்பாய்க்கு, அதாவது 159 லிட்டருக்கு, சுமார் இரண்டு டன் மணல் அள்ள வேண்டும். ஆழத்தில் இருந்தால் நீராவியைச் செலுத்தி இளக்கி எடுக்கிறார்கள். அந்த நீராவிக்கு எரிவாயுவை எரிக்க வேண்டும். எரிபொருள் எடுக்கவே எரிபொருள்!

எண்ணெய் இளசாக, சுலபமாக வந்தால் மட்டும் போதுமா? அதுவும் இல்லை. எண்ணெயோடு வாயுவும் சேர்ந்து வரும். அதைப் பிடித்துக் கொண்டுபோகக் குழாய் போடாத இடங்களில் அப்படியே கொளுத்தி விடுகிறார்கள். நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்துக் கிராமங்கள் பல பத்தாண்டுகளாக இந்தத் தீயின் பக்கத்திலேயே வாழ்கின்றன. நம்ம காவிரிப் படுகையில் எண்ணெய்க் கிணற்றுப் பக்கம் இரவில் போனவர்களுக்கும் இந்தத் தீ தெரியும். எரியாமல் கசிகிற மீத்தேன் இன்னும் மோசம். இருபது ஆண்டுக் கணக்கில், அதே எடை கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும்.

2018இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 90 நாடுகளில் ஏறத்தாழ 9,000 எண்ணெய் வயல்களை எடுத்துக்கொண்டு, எண்ணெயை எடுத்துச் சுத்திகரிப்பு ஆலை வாசலில் சேர்ப்பது வரை கணக்குப் போட்டிருந்தார்கள். அதைத் தோராயமாக டீசல் லிட்டர் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். சவூதி எண்ணெய்க்கு 170 கிராம் அளவில் வருகிறது. கனடாவுக்கு 630 கிராம். கெட்டி எண்ணெய் எடுக்கும் வெனிசுவேலாவுக்கும், வாயுவை அதிகம் கொளுத்தும் அல்ஜீரியாவுக்கும் 700 கிராமுக்கு மேல். நான்கு மடங்கு வித்தியாசம், பாருங்க.

கெட்டி எண்ணெயின் தொல்லை ஆலையிலும் தொடர்கிறது. செக்கில் எண்ணெய் போனால் புண்ணாக்கு மிஞ்சும், மாடு தின்னும். கெட்டி எண்ணெயில் மிஞ்சுவதோ 'பெட்கோக்' என்ற கரி. எரித்தால் நிலக்கரியைவிட அதிகக் கரியமில வாயு, கந்தகமும் சேர்த்து. 2017இல் தில்லியைச் சுற்றிய மூன்று மாநிலங்களில் உச்ச நீதிமன்றம் இதற்குத் தடை போட்டது. பிறகு சிமெண்ட் ஆலைகளுக்குத் தளர்த்தியது.

சரி, நாம் என்ன செய்வது? பங்க்கில் போய் "கவார் டீசல் கொடுங்க" என்று கேட்க முடியாது. எல்லாம் கலந்துதான் வருகிறது. எதை முதலில் பூமிக்குள்ளேயே விட்டுவைக்க வேண்டும், எங்கே வாயுவைக் கொளுத்துவதை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அரசுகளைக் கேட்க வேண்டிய கேள்விகள். கேட்போம். அதே சமயம், "எங்க எண்ணெய் சுத்தமான எண்ணெய்" என்று யாராவது சொன்னால் ஏமாறவும் வேண்டாம். எந்த எண்ணெயானாலும் எரிக்கும்போது அந்த 2.7 கிலோ உண்டு.

நம்ம கையில் இருப்பது லிட்டர்தான். மூடாக்கு போட்டு ஒரு உழவு குறைந்தால், இறைக்கிற நேரம் குறைந்தால், எரிகிற புகையும் மிச்சம், எங்கோ காட்டைத் தோண்டுகிற புகையும் மிச்சம். டீசல் காசும் நம்ம பையில் நிற்கும்.