76 முறை தரையில் விழுந்த வாலிபர்!
புது வீரரை வளர்ப்பது எப்படி?

வயது 22. வலுவான கை. குறி தப்பாத எறி. 2002-ம் ஆண்டில் அமெரிக்கக் கால்பந்து அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தன. அதில் முதல் ஆளாகத் தேர்வானவர் அவர். பெயர் டேவிட் கார்.

ஹூஸ்டன் நகரில் புதிதாகத் தொடங்கிய டெக்சன்ஸ் அணி அவரை எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே களத்தில் இறக்கியது. அந்த ஆண்டு 16 ஆட்டங்கள். எதிரிகள் அவரைப் பந்தோடு மடக்கி, 76 முறை தரையில் சாய்த்தார்கள்! அதுவரை ஒரே ஆண்டில் யாரும் அத்தனை முறை விழுந்தது இல்லை.

இது என்ன ஆட்டம்?

நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து வேறு, இது வேறு. பந்து முட்டை வடிவம். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜ தூரம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும்.

அணிக்கு மூளை போன்றவர் "குவார்ட்டர்பேக்". பந்து முதலில் அவர் கைக்குத்தான் வரும். யாரிடம் எறிவது? இரண்டு மூன்று வினாடிக்குள் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் மலை போன்ற எதிரிகள் பாய்ந்து வருவார்கள்! அவர்களைத் தடுக்க 5 பேர் சுவர்போல் முன்னே நிற்பார்கள். சுவர் இடிந்தால் குவார்ட்டர்பேக்கின் கதி என்ன?

காருக்கு நேர்ந்தது அதுதான். புது அணி, பலமான சுவர் இல்லை. 2005-ம் ஆண்டிலும் அவர் 68 முறை விழுந்தார். 2007-ல் அணி அவரை விடுவித்தது. அதன்பின் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே காலம் தள்ளினார்.

காத்திருந்தார்; வென்றார்!

2017-ல் கான்சாஸ் சிட்டி சீப்ஸ் அணி பாட்ரிக் மஹோம்ஸ் என்ற வாலிபரை எடுத்தது. உடனே களத்துக்கு அனுப்பவில்லை. அலெக்ஸ் ஸ்மித் என்ற அனுபவசாலி அங்கே இருந்தார். அவர் எப்படித் தயாராகிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துக் கற்றார் மஹோம்ஸ். புதுக் காளையைப் பழகிய மாட்டோடு சேர்த்து ஏரில் பூட்டுவது இல்லையா? அதுபோலத்தான்!

அந்த ஆண்டு அவர் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். மறு ஆண்டு முழுப் பொறுப்பும் அவருக்கு வந்தது. 50 முறை பந்தை எறிந்து கோட்டைத் தாண்டச் செய்தார். அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார்!

அப்படியானால், எல்லோரும் காத்திருக்கத்தான் வேண்டுமா?

28 தவறுகள்

இல்லை. 1998-ல் பெய்டன் மானிங் முதல் ஆட்டத்திலிருந்தே ஆடினார். அவர் எறிந்த பந்தை எதிரிகள் 28 முறை பிடித்துக்கொண்டார்கள். இண்டியானாபொலிஸ் அணிக்கு 16 ஆட்டத்தில் 3 வெற்றிதான். ஆனாலும் அணி அவரை ஒதுக்கவில்லை. மறு ஆண்டு 13 வெற்றி!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த முதல் ஆண்டில் மானிங் தரையில் விழுந்தது 22 முறைதான். தவறு செய்தார்; ஆனால் அடிபட்டுச் சிதையவில்லை. எழுந்து நின்று பாடம் கற்க அவருக்கு இடம் இருந்தது. காருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

கஷ்டம் எங்கே இருக்கிறது, தெரியுமா? முந்திய ஆண்டு மோசமாக ஆடிய அணிக்குத்தான் முதல் தேர்வு கிடைக்கும். எனவே சிறந்த வாலிபர், பெரும்பாலும் பலவீனமான அணிக்கே போய்ச் சேருகிறார். ரசிகர்களோ, "இன்றே இறக்கு!" என்று கூச்சல் போடுவார்கள்.

அணிகள் செய்ய வேண்டியது என்ன? முதலில் சுவரைக் கட்ட வேண்டும். சுவர் பலமாகும்வரை வாலிபரை அனுபவசாலியின் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும். களத்தில் இறக்கினால், முதலில் எளிய ஆட்ட முறைகளைக் கொடுக்க வேண்டும். தவறு செய்தால் பொறுக்க வேண்டும்.

எறிந்த பந்து தவறினால் அடுத்த முறை சரியாக எறியலாம். அடிக்குப் பயந்த கண் எதிரியைத்தான் பார்க்கும். பந்தைப் பிடிக்க ஓடும் தோழனைப் பார்க்காது!