பின்னால் பார்க்கும் கண்

மலேசியாவில் வண்டியைப் பின்னால் எடுப்பதற்கு மக்கள் வழங்கும் சொல் ‘கோஸ்டான்’ என்பது. கப்பலைப் பின்செலுத்துமாறு ஆங்கில மாலுமிகள் இடும் கட்டளையின் திரிபே அது என்பர். துறைமுகம் கொண்ட கிள்ளானுக்குப் பொருத்தமான சொல்தான். லோரி கோஸ்டான் எடுக்கும்போது ‘கெலிண்டான்’ எனப்படும் துணையாள் இறங்கிப் பின்னே நின்று, கையசைத்தும் குரல் கொடுத்தும் வழிகாட்டுவான். ஓட்டுநரின் முதுகுப்புறத்துக் கண் அவனே.

இன்று அவனுடைய இடத்தைப் பல வண்டிகளில் ஒரு சிறு கருவி பெற்றுவிட்டது. அதுவே பின்னோக்குப் படக்கருவி. படுக்கையும் அடுப்பும் குளியலறையும் கொண்டு வீடுபோல் இயங்கும் ‘மோட்டார்ஹோம்’ என்னும் இல்ல ஊர்திக்கு இஃது இன்றியமையாதது. ஆறேழு மீட்டர் நீளமுள்ள ஊர்தியில் பின்சுவர் மறைப்பதால் உட்கண்ணாடி பயன்படாது. பக்கக் கண்ணாடிகளோ இரு ஓரங்களையே காட்டும். நட்டநடுவில் நிற்கும் குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

இக்கருவியின் வரலாறு சற்றுப் பழைமையானதே. 1956ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பியூக் நிறுவனம் செஞ்சூரியன் என்னும் காட்சி வாகனத்தில் பின்கண்ணாடிக்குப் பதிலாகத் தொலைக்காட்சிப் படக்கருவியைப் பொருத்திக் காட்டியது. 1991இல் டொயோட்டா நிறுவனம் ஜப்பானில் விற்ற சோவரர் என்னும் காரில் இவ்வசதியை அளித்தது. பின்னர் இதனைச் சட்டமாக்கியது ஒரு துயரம். 2002இல் அமெரிக்காவில் தந்தை பின்னால் எடுத்த வண்டியில் அகப்பட்டு அவருடைய இரண்டு வயது மகன் இறந்தான். அக்குழந்தையின் பெயரையே தாங்கிய சட்டம் 2008இல் பிறந்தது. 2018 மே மாதம் முதல் அந்நாட்டில் 10,000 இறாத்தலுக்கு உட்பட்ட புதிய வண்டிகள் யாவற்றிலும் பின்காட்சி கட்டாயமாயிற்று. கியரைப் பின்னுக்கு மாற்றிய 2 விநாடிக்குள் படம் தோன்றவேண்டும் என்றும், வண்டியின் பின்னே 10 அடி அகலமும் 20 அடி நீளமுமான பரப்பு அதில் தெரியவேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது.

இனி, கருவி பழுதுற்றால் காரணம் காணும் முறையை நோக்குவோம். ‘படம் வரவில்லை’ என்றவுடன் புதிய படக்கருவி வாங்க ஓடுவோர் பலர். பணம் போனபின்னும் பழுது போகாது. ஏனெனில் படக்கருவி ஒரு சங்கிலியின் ஒரு கண்ணி மட்டுமே. கியரைப் பின்னுக்கு மாற்றினால் ஒரு சுவிட்சு மூடிப் பின்விளக்கு எரியும். அவ்விளக்கின் மின்சாரமே பல அமைப்புகளில் திரையை விழிக்கச் செய்கிறது. படக்கருவி தரும் குறிப்பு நீண்ட வடத்தின் வழியே முன்னே சென்று திரையில் படமாகிறது. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, ‘எது கெட்டது?’ என்பதன்று, ‘எதுவரை நன்றாக இருக்கிறது?’ என்பதே.

முதலில் சக்கரங்களுக்கு அடைகொடுத்து, கைப்பிரேக்கை இட்டு, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிக் கியரைப் பின்னுக்கு மாற்றவேண்டும். பின்விளக்கும் எரியாவிட்டால் குற்றம் பெரும்பாலும் பியூஸிலோ கியர்ப்பெட்டியின் சுவிட்சிலோ இருக்கும். விளக்கு எரிந்து திரை மட்டும் இருண்டிருந்தால் திரைக்கு வரும் மின்சாரத்தைச் சோதிக்கவேண்டும். திரை ஒளிர்ந்து, ‘குறிப்பு இல்லை’ என்னும் பொருள்பட அறிவித்தால், திரைக்கு மின்சாரம் கிடைத்துவிட்டது. குற்றம் படக்கருவியிலோ வடத்திலோ அவற்றின் இணைப்பு முனைகளிலோதான்.

இவற்றைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. படக்கருவியைக் கழற்றி முன்னே கொணர்ந்து, குறுகிய வடத்தால் திரையோடு நேரே இணைக்கவேண்டும். தனி மின்னூட்டம் தேவைப்படும் அமைப்பாயின் அதையும் பியூஸ் வைத்துக் கொடுக்கவேண்டும். படம் வந்தால் படக்கருவியும் திரையும் குற்றமற்றவை; நீண்ட வடத்தையோ பின்புற மின்னூட்டத்தையோ ஐயுறலாம். பின்கதவில் படக்கருவி பொருத்திய வேன்களில் கீல் அருகே வடம் நாள்தோறும் மடங்கி நிமிர்வதால் உள்ளே கம்பி அறுவது உண்டு.

படம் வந்தும் கெடுவதுண்டு. எஞ்சின் ஓடும்போது மட்டும் கோடுகள் தவழ்ந்தால், ‘எர்த்’ இணைப்பு தளர்ந்து மின்னாக்கியின் இரைச்சல் குறிப்பில் கலக்கிறது எனலாம். புதிதாக மாற்றிய படக்கருவியின் படம் உருண்டாலும் நிறமிழந்தாலும் அதன் குறிப்பு முறை திரைக்கு ஒவ்வாததாக இருக்கலாம். 625 வரிகொண்ட பால் முறையும், 525 வரிகொண்ட என்டிஎஸ்சி முறையும் வேறு வேறு. கம்பியில்லா வகையில் படம் விட்டுவிட்டு வந்தால், அருகிலுள்ள வைஃபை முதலியவற்றின் அலைகள் இடையூறு செய்கின்றனவா என்று பார்க்கவேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இவற்றினும் பெரிய பகை ஈரம். நண்பகல் வெயிலும் மாலை மழையும் மாறிமாறித் தாக்க, வில்லையின் உட்புறம் பனித்து மங்கும். ஐபி 67 எனக் குறித்த கருவி 1 மீட்டர் நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பது சோதனைச்சாலைக் கணக்கு. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் ஏற்பட்டது போன்ற வெள்ளத்தில் வண்டி முழுகிக் கிடந்தால் அக்கணக்கு உதவாது. படக்கருவி பிழைத்தாலும் இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். வெளிப்புறம் மங்கினால் துடைத்தால் போதும். உட்புறம் மங்கினால் மாற்றுவதே முறை.

எல்லாவற்றினும் கொடியது, படம் வராமை அன்று, பொய்ப்படம் வருவது. பின்னோக்குப் படக்கருவி இடவலத்தை மாற்றிக் கண்ணாடிபோலக் காட்டவேண்டும். முன்னோக்கு வகையைப் பின்னே பொருத்திவிட்டால், இடப்புறம் நிற்கும் குழந்தை திரையில் வலப்புறம் தெரியும். விலக எண்ணி ஓட்டுநர் அதன் மீதே திருப்புவார். சில கருவிகளின் வடத்திலுள்ள சிறு கம்பி வளையத்தை வெட்டினால் இக்காட்சி மாறும். ஆயினும் விளக்கக் குறிப்பேட்டைப் படிக்காமல் வெட்டலாகாது. படக்கருவி சற்றுச் சாய்ந்திருந்தால் திரையின் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகளும் பொய்யளவே காட்டும்.

ஆகவே பழுது நீக்கியபின் சோதனை வேண்டும். குழந்தையின் உயரமுள்ள ஒரு பொருளை வண்டியின் பின்னே 1, 2, 3 மீட்டர் தொலைவில் இடமும் வலமும் நடுவும் வைத்து, திரை காட்டுவது மெய்தானா என்று ஒப்பிடவேண்டும். இருட்டியபின் மீண்டும் ஒருமுறை பார்ப்பது நன்று.

தீபாவளிச் சந்தையால் நிரம்பிய கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் தெருக்களிலும் சிறுவர் எப்பக்கமிருந்து ஓடிவருவர் என்று யாரும் சொல்ல இயலாது. திரையில் சிறிது ஐயம் தோன்றினாலும் வண்டியை நிறுத்தி, ஒருவர் இறங்கிப் பக்கக் கண்ணாடியில் தெரியுமாறு நின்று வழிகாட்டவேண்டும். அவர் கண்ணாடியிலிருந்து மறைந்தால் உடனே நிறுத்தவேண்டும். எத்துணைக் கருவி வந்தாலும் கெலிண்டானின் வேலை முடிந்துவிடவில்லை.