சங்க ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு வயதாகிவிட்டதாம்!

மதுரை சிம்மக்கல் பக்கத்தில் ஒரு தொழிற்சங்க ஆபீஸ். மாடிப்படி ஏறினால் ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு, சுவரில் தலைவர்கள் படம், மூலையில் ஒரு கம்ப்யூட்டர். சந்தாக் கணக்கு, உறுப்பினர் பட்டியல், லேபர் ஆபீசுக்குப் போகும் மனு அத்தனையும் அதற்குள்தான். தோழர்கள் நூறும் இருநூறுமாகப் போட்டு வாங்கிய பெட்டி அது. விசிறி ஓடுகிறது, திரை எரிகிறது, எழுத்துப் பலகையில் ஒரு சாவிகூடத் தேயவில்லை. ஆனால் கடைக்காரர் பார்த்துவிட்டு, "இதற்கு வயதாகிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டு நாற்பதாயிரத்துக்குப் புதிது வாங்குங்கள்" என்கிறார். நாற்பதாயிரம்! எத்தனை தோழர்களின் எத்தனை மாதச் சந்தா என்று பொருளாளர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், விரல் போதவில்லை.

ஓடுகிற பெட்டிக்கு எப்படி வயதாகும்? சங்கதி இதுதான். விண்டோஸ் 10 என்ற இயக்க மென்பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பது 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. பதினொன்றாம் நம்பருக்கு மாறு என்பது கட்டளை. மாறப் போனால், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் செயலியானால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே கூடாது என்று வாசலிலேயே மறிக்கிறார்கள். அந்த எட்டாம் தலைமுறை வந்ததே 2017-இல்! அதற்கு முந்திய பெட்டிகளெல்லாம் அம்போ. ஓராண்டு தவணை கொடுத்தார்கள். அதற்கும் கம்பெனியிடம் கணக்குத் தொடங்கவேண்டும் என்றார்கள்.

மேலூர்ப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் பம்புசெட் வாங்குகிறார். காயில் எரிந்தால் வைண்டிங் கடைக்குக் கொண்டுபோவார். மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் ஓடும். "மூடியைத் திறக்காதே, உள்ளே பார்க்காதே, பக்கத்துத் தோட்டக்காரனுக்கு இரவல் தராதே, நான் சொல்லும் தேதியில் புதிது வாங்கிக்கொள்" என்று எழுதி வாங்கிக்கொண்டு ஒருவன் மோட்டார் விற்க வந்தால் சம்சாரி என்ன செய்வார்? கடப்பாரையை அல்லவா தேடுவார்! கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் நாம் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கிறோம்.

சும்மா இராதவர்களும் உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற அமெரிக்கர், ஆராய்ச்சிக்கூடத்து அச்சு இயந்திரம் அடிக்கடி சிக்கிக்கொள்வதைச் சரிசெய்ய அதன் மூல நிரலைக் கேட்டார், தர மறுத்தார்கள். அந்த மனிதர் 1983-இல் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். எவரும் ஓட்டலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்பது அதன் சட்டம். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது பின்லாந்து மாணவர் எழுதிய லினக்ஸ் கருவும் அடுத்த ஆண்டே இந்தச் சட்டத்தின் கீழ் வந்துசேர்ந்தது. இன்று ஊர் உலகத்துப் புரோகிராமர்கள் கூடி இழுக்கும் தேர் அது. ஏதோ ஏழைகளுக்கான மட்டச் சரக்கு என்று எண்ணவேண்டாம். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கருதான். உலகத்தின் தலைசிறந்த 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் 2017 முதல் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தைப் பாருங்கள். அங்கே பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடம் வந்தபோது, பாடம் முழுக்க ஒரே கம்பெனியின் சரக்காக இருந்தது. ஆசிரியர் சங்கத்தார் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். எதிர்த்ததோடு நின்றார்களா? ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மலையாளத்தில் பாடம் எழுதி, ஆண்டுக்கணக்கில் உழைத்து மாற்றினார்கள். 2019-இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்கு லினக்ஸின் புதிய பதிப்பை அளித்தபோது, சுமார் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று அந்த மாநிலத்துக் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் கணக்குச் சொன்னது. அதே 2019-இல் ‘ஜனயுகம்’ நாளேடும் பக்கம் கட்டுவதிலிருந்து படம் திருத்துவது வரை சுதந்திர மென்பொருளுக்கே மாறியது. தொழிலாளர் கட்சியின் பத்திரிகை தினமும் அதில் வெளிவருகிறதென்றால், நம்முடைய ஒரு பக்கத் துண்டறிக்கை அதில் வராதா?

இங்கே என்ன ஆயிற்று? 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் ஆக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் எத்தனை பிள்ளைகள் அதைத் திறந்து பார்த்தார்கள்? சாமானைக் கொடுத்தார்கள், சொல்லிக்கொடுக்க ஆளைக் கொடுக்கவில்லை. திருமங்கலத்திலும் உசிலம்பட்டியிலும் எத்தனையோ வீடுகளில் அந்த மடிக்கணினிகள் பீரோ மேல் தூங்குகின்றன. அவற்றை இறக்குங்கள்.

சிம்மக்கல் ஆபீசில் நடந்ததைச் சொல்கிறோம். லினக்ஸ் மின்ட் என்ற வகையை ஒரு தோழரின் மகன் இணையத்திலிருந்து இறக்கினான். சுமார் 3 ஜிபி, காசில்லை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் அதை எழுதினான். வெறுமனே காப்பி செய்தால் ஓடாது. எட்சர் போன்ற ஒரு கருவியால் எழுதவேண்டும். பென்டிரைவைச் செருகி, பெட்டியை முடுக்கும்போதே எஃப்12 சாவியைத் தட்டினான். சில பெட்டிகளில் எஃப்2, சிலவற்றில் எஸ்கேப். பழைய டிஸ்க்கைத் தொடாமலே பென்டிரைவிலிருந்து புது மேஜை எழும்பி நின்றது! நெட் வருகிறதா, பாட்டுக் கேட்கிறதா என்று ஒரு வாரம் இப்படியே ஓட்டிப் பார்த்தார்கள். அதன்பிறகே நிறுவினார்கள். இரண்டு ஜிபி நினைவகம் இருந்தால் ஓடும், நான்கு இருந்தால் நன்றாக ஓடும். பழைய பெட்டிக்கு அதிலேயே எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான வகை உண்டு.

நிறுவும்போது ஒரு கேள்வி வரும்: டிஸ்க்கை அழித்துவிடவா, பழையதன் பக்கத்திலேயே இடம் ஒதுக்கவா என்று. இங்கே அவசரப்பட்டால் சந்தாக் கணக்கு கோவிந்தா! கோப்புகளையெல்லாம் முதலில் வேறொரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். புதிதாக வருகிறவர்கள் சில மாதம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்வதே உத்தமம்.

எல்லாம் தேனும் பாலும் என்று சொல்லமாட்டோம். டி.டி.பி. கடைகள் பழகிய பேஜ்மேக்கரும் போட்டோஷாப்பும் இதில் நேராக ஓடா. அவற்றுக்குப் பதில் ஸ்கிரிபஸ், கிம்ப், இங்க்ஸ்கேப். கை பழக நாளாகும். பழைய லேசர் பிரின்டர்களில் சில அடம்பிடிக்கும். சங்கத்துப் பிரின்டர் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. ஜெர்மனியின் மியூனிக் நகரசபை பத்தாண்டு பாடுபட்டுச் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றிவிட்டு, 2017-இல் திரும்ப விண்டோஸுக்கே போகத் தீர்மானித்ததையும் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அதே ஜெர்மனியில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 30,000 கம்ப்யூட்டர்களை இந்தப் பக்கம் கொண்டுவரப் போவதாக 2024-இல் அறிவித்தது.

தமிழுக்குத்தான் பெரிய வேலை இருந்தது. தட்டச்சில் தொல்லையில்லை, 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்ஸிலும் உண்டு. மனுக்களை லிப்ரே ஆபீசில் அடிக்கலாம். அதன் பட்டியல்களையே தமிழில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சங்கத்தின் பழைய சுற்றறிக்கைகள் பாமினியிலும் வானவில்லிலும் அடித்தவை. திறந்தால் கோழி கிளறியதுபோல் ஆங்கில எழுத்தாக நிற்கின்றன. யூனிகோடுதான் முறை என்று தமிழக அரசு 2010-இலேயே ஆணையிட்டும் நாம் மாறாமல் இருந்த குற்றம் இது, லினக்ஸின் குற்றமன்று. எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தினம் பத்துப் பத்தாக மாற்றி வருகிறார் பொருளாளர். ஐம்பத்தெட்டு வயது அவருக்கு. முதல் வாரம் "எனக்கு வேண்டாமப்பா இந்த வம்பு" என்றவர், இப்போது சாவியைத் தட்டியபடியே தேநீருக்குச் சொல்லியனுப்புகிறார்.

தமிழில் படித்துக் கற்க விரும்புவோர் ‘கணியம்’ இணைய இதழைத் தேடுங்கள். 2012 முதல் வருவது. லினக்ஸ் பற்றிய எளிய நூல்களையும் காசில்லாமல் தருகிறார்கள். சங்க ஆபீசில் ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தப் பையன் இருப்பான். பென்டிரைவோடு வாருங்கள், பீரோ மேல் கிடக்கும் மடிக்கணினியையும் தூசி தட்டி எடுத்து வாருங்கள். சார்ஜரை மறக்கவேண்டாம், போன வாரம் மூன்று பேர் மறந்துவிட்டார்கள்.