பதினொரு வரிகளை நம்பலாமா?

கணிப்பொறியிடம் பைத்தான் மொழியில் 'மதுரை' என்ற சொல்லைக் கொடுத்து, எத்தனை எழுத்து என்று கேளுங்கள். மூன்று என்று சொல்லாது. ஐந்து என்று சொல்லும்! ம, த, உகரக்குறி, ர, ஐகாரக்குறி என்று குறிகளையும் அது தனியாக எண்ணிவிடுகிறது. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னாலோ 'ரைதும' என்று வராது. ஐகாரக்குறி அநாதையாக முன்னே வந்து நிற்கும்.

இதைச் சரிசெய்யும் நிரல்களை முத்தையா அண்ணாமலை முதலிய ஆர்வலர்கள் எழுதி, 'ஓப்பன்-தமிழ்' என்ற பெயரில் எல்லோருக்கும் இலவசமாக வைத்திருக்கிறார்கள். இத்தகைய சிறு நிரல் தொகுப்பை 'நூலகம்' என்பர். சரி, யாரோ எழுதியதை நம்பி நம் நிரலைக் கட்டலாமா?

வைகைப் பாசனக் கண்மாய்களைப் பார்த்திருப்பீர்கள். மேல் கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க் கண்மாய்க்கு நீர். மென்பொருளும் அப்படித்தான், ஒன்றை நம்பி மற்றொன்று. 2016 மார்ச் 22 அன்று 'லெஃப்ட்-பேட்' என்ற நூலகத்தை அதன் ஆசிரியர், ஒரு பெயர்த் தகராறில் கோபமுற்று, பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். அதில் இருந்தது வெறும் 11 வரி! '7' என்பதை '007' ஆக்குவது போன்ற வேலைதான். ஆனால் அதை நம்பியிருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள், அது மீட்கப்படும் வரை சுமார் இரண்டு மணி நேரம் தடுமாறின.

2024-இல் நடந்தது இன்னும் மோசம். 'எக்ஸ்-இசட்' என்ற சுருக்கு நிரலை ஏறத்தாழ ஒருவரே பராமரித்து வந்தார். உதவுவதாக வந்த ஒருவர் இரண்டாண்டுக்கு மேல் நம்பிக்கை சம்பாதித்து, அதில் கள்ளக்கதவு வைத்துவிட்டார். ஆண்ட்ரஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர் தம் கணிப்பொறியில் நுழைய அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்துத் துருவியதால்தான் குட்டு வெளிப்பட்டது. (செய்முறை வகுப்பில் சிறு விலகலை 'பிழை' என்று தள்ளிவிடும் மாணவர்கள் கவனிக்க!)

அப்படியானால் எல்லாவற்றையும் நாமே எழுதுவதா? பதினொரு வரி என்றால் எழுதிக்கொள்ளலாம் என்பேன். தமிழ் எழுத்து விஷயம் வேறு. 'கொ' என்பதன் ஒகரக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். 'க்ஷ' ஓர் எழுத்தா, இரண்டா? இத்தகைய சிக்கல்களைப் பலர் கண்டு திருத்திய நூலகமே மேல். ஆனால் அதன் ஒரு பிரதியைப் பதிப்பு எண்ணுடன் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்புக்கு மாறுமுன் 'மதுரை'யைக் கொடுத்துப் பாருங்கள், மூன்று வரவேண்டும்.