மேசையும் லேத்தின் ஓர் உறுப்பே

உலோகத்தைச் சுழலவிட்டு உளியால் சீவி உருளை வடிவம் தரும் கடைசல் இயந்திரமான லேத், வார்ப்பிரும்பால் ஆனதாகையால் வளையாது என்றே பலரும் நம்புகின்றனர். ஆனால் ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள சிறு லேத்தை மேடுபள்ளமான மேசையின் மேல் வைத்துப் போல்ட்டுகளை இறுக்கினால், உளியைத் தாங்கிய கேரேஜ் ஓடும் தண்டவாளம் போன்ற அடிப்பகுதியாகிய பெட், கண்ணுக்குத் தெரியாத அளவில் முறுக்கிக்கொள்கிறது. அதனால், உலோகத்தைப் பற்றிப் பிடிக்கும் சக்கின் அருகே சரியாக நிற்கும் உளி, மறுமுனையை நோக்கி நகர நகர அச்சுக்கோட்டை விட்டு விலகுகிறது. ஆரத்தில் நேரும் பிழை விட்டத்தில் இரட்டிப்பதால், 0.01 மி.மீ. விலகலே தண்டின் விட்டத்தை 0.02 மி.மீ. கூட்டிவிடும். பேரிங்கில் பொருந்தவேண்டிய தண்டைக் கெடுக்க இதுவே போதும்.

ஆகவே மேசையையும் இயந்திரத்தின் உறுப்பாகவே கருதவேண்டும். ஆங்கிள் இரும்புச் சட்டத்தின் மேல் 50 மி.மீ. கனமுள்ள பலகையைப் பொருத்துவது நல்லது. உயரம், கைப்பிடிகள் நிற்பவரின் முழங்கையளவில் அமையுமாறு இருக்கட்டும்.

லேத் கிடைமட்டமாக இருந்தே ஆகவேண்டும் என்பது தவறான எண்ணம். ஆடும் கப்பல்களின் பட்டறைகளிலும் லேத்துகள் துல்லியமாகக் கடைகின்றன. சாய்வு இருக்கலாம், முறுக்குதான் இருக்கக்கூடாது. கொத்தனாரின் ரசமட்டம் இதைக் காட்டாது; மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வைக் காட்டும் துல்லிய ரசமட்டத்தைப் பெட்டின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்தால், இரண்டிடத்திலும் குமிழி ஒரே அளவில் நிற்கவேண்டும்.

அத்தகைய விலையுயர்ந்த கருவி இல்லாதவர்களுக்கு லேத்தே அளவுகோலாகும். சுமார் 25 மி.மீ. விட்டமுள்ள தண்டைச் சக்கில் மட்டும் பிடித்து, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கைப் பயன்படுத்தாமல், 100 மி.மீ. இடைவெளியில் இரு வளையங்கள் எஞ்சுமாறு நடுப்பகுதியைக் குறைத்துவிட்டு, கூரிய உளியின் ஆழத்தை மாற்றாமல் இரண்டையும் மெல்லச் சீவி, மைக்ரோமீட்டரால் அளக்கவேண்டும். வெளிமுனை வளையம் பருத்திருந்தால், பெட்டின் டெயில்ஸ்டாக் பக்கம் இயக்குபவரை நோக்கிச் சாய்ந்துள்ளது என்று பொருள். அம்முனையின் முன்காலடியில் ஷிம் எனப்படும் மெல்லிய தகட்டைச் செருகி, போல்ட்டை இறுக்கி, மீண்டும் சீவி அளக்கவேண்டும். வளையம் மெலிந்திருந்தால் தகடு பின்காலுக்குச் செல்லும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆயினும் இதைவிட நம்பத்தக்க சோதனை வீட்டுப் பட்டறையில் இல்லை. ரசமட்டம் முறுக்கில்லை என்று காட்டியும் வளையங்கள் வேறுபட்டால், சக்கைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கலாம். அதைப் பெட்டை முறுக்கி ஈடுகட்டுவது முறையன்று.

மரம் மழைக்காலத்தில் உப்பிக் கோடையில் சுருங்குவதால், பருவம் மாறும்போதெல்லாம் இச்சோதனையைத் திரும்பச் செய்யவேண்டும். வளையங்கள் இரண்டும் ஒத்துவரும் வரை, டெயில்ஸ்டாக்கின் திருத்தத் திருகைத் தொடக்கூடாது.