உங்களுக்குத் தெரியுமா? கண் விழித்தவளின் கணக்கு

ஞாயிறு இரவு ஒரு பெண்ணைத் தூங்கவைத்து நாணயம் சுண்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தலை விழுந்தால் திங்களன்று மட்டும் எழுப்புவார்கள். பூ விழுந்தால், இடையில் நினைவை அழித்துவிட்டுச் செவ்வாயன்றும் எழுப்புவார்கள். விழித்தவள் 'தலை' என்பதை எவ்வளவு நம்பலாம்? மூன்றில் ஒரு பங்கு என்றார் தத்துவ அறிஞர் ஆடம் எல்கா (2000). பாதி என்று மறுத்தார் இன்னொரு தத்துவ அறிஞரான டேவிட் லூயிஸ் (2001). 'பூ என்றால் 100 ரூபாய்' என்ற சீட்டை ஒவ்வொரு விழிப்பிலும் விற்றால் 66 ரூபாய்வரை கொடுக்கலாம், பூ விழுந்தால் இருமுறை லாபம் என்பதால். பூவுக்கு மூன்றில் இரண்டு பங்கு என்று காட்டும் இந்த விலை எல்காவுக்குச் சான்றாகாதா? ஆகாது. ஒரு சீட்டுதான் செல்லும் என்று விதியை மாற்றினால் 50 ரூபாய்க்கு மேல் கொடுப்பது நஷ்டம், நாணயமோ அதேதான். நிகழ்தகவுச் சண்டையைத் தீர்க்காமலே சரியான முடிவெடுக்கலாம் என்ற ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஆம்ஸ்ட்ராங்கின் வாதமே வலுவானது.